ஆறரைக் கட்டையில் இருபத்தேழு பேர்

போன ஞாயிறு மாலை ஐந்தேகாலுக்கு எங்கள் பேண்டு ஒரு பி ஃபிளாட் கார்டை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) விம்மலே இல்லாமல், அதாவது சுருதி உரசிச் சத்தம் ஏறி இறங்காமல், பிடித்து நின்றது. எட்டு எண்ணிக்கை முடிந்தும் மாஸ்டர் கையை இறக்கவில்லை. இன்னும் நாலு எண்ணிக்கை இழுத்தார். அப்போதும் அசையவில்லை. இதற்காக ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினோம். எப்படி வந்தது என்பதை ஒன்று விடாமல் எழுதிவைக்கிறேன். சென்னையில் ஏசி இல்லாத ஹாலில் ஊதுகிறவர்கள் யாருக்காவது பயன்படும்.

பெரம்பூரில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஹால், ஞாயிறு நாலு மணி பிராக்டிஸ். மே மாதத்தில் உள்ளே 34 டிகிரி காட்டும். 20 டிகிரியில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும், 34 டிகிரியில் 351-ஐத் தாண்டிவிடும். குழாய்க்குள் எப்படியும் நம் மூச்சின் சூடு இருப்பதால் அந்த வித்தியாசம் முழுசாகச் சுருதியில் தெரியாது. ஆனாலும் ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று வைத்த ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) என் கிளாரினெட் 15 சென்ட் மேலே போய் நிற்கும்; அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். டிரம்பெட்டும் ஏறும், புல்லாங்குழலும் ஏறும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு. அங்கேதான் தலைவலி.

பாரலை, அதாவது கிளாரினெட்டின் வாய்ப்பகுதிக்குக் கீழே உள்ள குட்டிக் குழாயை, கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு மில்லிமீட்டர் இழுத்ததும் ட்யூனர் முள் நடுவுக்கு வந்துவிட்டது. ஆனால் பாரலை இழுத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவுக்கு இறங்காது. குழாயின் மேல்பக்கத் துளைகளில் பேசும் ஜி, ஏ, பி ஃபிளாட் (கிளாரினெட்டில் விரல் வைக்கும் பெயர்கள்) நிறைய இறங்கும். முழுக் குழாயும் பேசுகிற பி, சி கொஞ்சம்தான் இறங்கும். அப்படியானால் ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்டும் இடம் என்ன ஆகும்? ஏற்கெனவே கஷ்டமான படி, இப்போது இன்னும் அகலமாகிவிட்டது. மாஸ்டர் பி ஃபிளாட் கேட்டால் சரியாக இருக்கும், பாட்டு ஆரம்பித்ததும் நாலாவது பாரில் பல் கூசும். ஆறு மாதம் இதை என் விரல் தப்பென்று நினைத்து ஸ்கேல் ஸ்கேலாக வாசித்துத் தள்ளினேன். தப்பு விரலில் இல்லை, பாரலுக்கும் மேல் ஜாயிண்டுக்கும் நடுவில் விழுந்த அந்த இரண்டு மில்லிமீட்டர் பள்ளத்தில் இருந்தது.

இப்போது செய்வது இதுதான். 66 மில்லிமீட்டர் பாரலை எடுத்துவிட்டு 67 போட்டிருக்கிறேன். அதை அரை மில்லிமீட்டர் மட்டும் இழுக்கிறேன், நடு ஜாயிண்டில் இன்னொரு அரை மில்லிமீட்டர். நடு ஜாயிண்டை இழுத்தால் வலது கை ஸ்வரங்களும் கூடவே இறங்கும், அதனால் மேலும் கீழும் ஒத்துப்போகிறது. ஒரே தொல்லை, இழுத்த ஜாயிண்ட் ஆடும். புரசைவாக்கம் பக்கம் கல்யாண பேண்டுகளுக்கு ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் அதற்கு ஒரு வழி சொன்னார்: கார்க்கின் மேல் பருத்தி நூலைச் சுற்றி, மெழுகு தேய்த்துவிடுவது. புதுக் கார்க் ஒட்டினால் இந்தக் காற்றின் ஈரத்தில் உப்பி இறுகிவிடும்; நூல் என்றால் இரண்டு சுற்றைப் பிரித்தால் போதும். எட்டு மாதமாக அதே நூல்தான், ஒரு நாள்கூட நழுவவில்லை.

ரீடு (வாய்ப்பகுதியில் அதிரும் நாணல் தகடு) பற்றிக் கேட்பவர்களுக்கு: இரண்டரை நம்பர்தான் வாசிக்கிறேன். ஆன்லைனில் ஒரு கடையில் ஒரு பெட்டி வாங்கி, பத்தில் நாலு நுனி பிளந்து வந்தது. கேட்டதற்குப் பதிலே இல்லை. அதற்கப்புறம் ரீடை நேரில் போய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை. அந்தப் படி ஏறும்போது எனக்கு இன்றும் ஒரு மரியாதை வரும்.

சரி, என் கிளாரினெட் ஒழுங்கானது. பேண்டு ஒழுங்காகவில்லை. எங்களிடம் ட்யூபா கிடையாது, கீபோர்டின் இடது கைதான் பாஸ். அது 440-ல் நின்றது. கிளாக்கன்ஸ்பீல் 442-க்கு அடித்த உலோகக் கட்டைகள், அதை யாரும் இழுக்க முடியாது. ஊதுகிறவர்கள் எல்லாரும் அதற்கும் மேலே. மூன்று கட்சி. 440-க்கு இறங்கிவர முயன்றால் டிரம்பெட்டுகளின் மெயின் ஸ்லைடை இழுத்துக்கொண்டே போக வேண்டும், அப்புறம் வால்வு போட்ட ஸ்வரமெல்லாம் கோணலாகும். ஆகவே நகர முடியாத கிளாக்கன்ஸ்பீலிடமே எல்லாரும் போவது என்று தீர்மானித்தோம். கீபோர்டை மெனுவில் 442 ஆக்கினோம். வித்தியாசம் 8 சென்ட்தான். ஆனால் ஏ ஸ்வரத்தில் 440-ம் 442-ம் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு விம்மல், காதில் நன்றாகவே விழும்.

அப்புறமும் ஆளுக்கொரு ட்யூனரைக் கிளிப் மாட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் நடுவில் இருக்கும், கார்டு கலங்கும். இதற்கு விடை சொன்னது யூஃபோனியம் என்ற பித்தளை வாத்தியம் ஊதும் எங்கள் அக்கா. இருபது வருஷம் பாட்டு கற்றவர். பையிலிருந்து எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை எடுத்து, ஆறரைக் கட்டையில் வைத்து, நுண்சுருதித் திருகைக் கிளாக்கன்ஸ்பீலோடு சேரும்வரை திருப்பினார். "தம்பி, மெஷினைப் பாக்காத. இதுக்குள்ள போய் உக்காரு" என்றார். ஆறரைக் கட்டை என்றால் பி ஃபிளாட்தானே, பேண்டின் சொந்த ஸ்வரம். இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை.

இங்கேதான் நிஜமான விஷயம் பிடிபட்டது. இரண்டாம் கிளாரினெட்டுகளான எங்களுக்கு அந்தக் கார்டில் வருவது கான்சர்ட் டி (காதில் விழும் ஸ்வரம்). கிளாரினெட்டில் எழுதியதைவிட ஒரு ஸ்வரம் கீழேதான் ஒலிக்கும், அதனால் நாங்கள் விரல் வைப்பது ஈ. கர்நாடகக் கணக்கில் அந்தர காந்தாரம். கீபோர்டின் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட். சுருதிப் பெட்டியின் ஸ-பவுக்குள் நிம்மதியாக உட்காரும் காந்தாரம் 386. பதினாலு சென்ட் கீழே! ட்யூனர் முள்ளை நம்பி நாங்கள் நான்கு பேரும் ஒழுங்காக 400-ல் நின்று கார்டைக் கெடுத்துக்கொண்டிருந்தோம். உதட்டை மயிரிழை தளர்த்தி இறங்கினேன். முதலில் விம்மல் வேகமாக இருந்தது, பிறகு மெதுவானது, பிறகு ஒரே கோடாகிவிட்டது. அந்த நொடி என் தாடைக்குள் ரீடின் அதிர்வே மாறியது போல இருந்தது. பக்கத்தில் நர்ஸ் அக்கா ஊதுவதை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கேட்டுவிட்டது. ஆறு வாரம் நாங்கள் நான்கு பேர் மட்டும் அரை மணி முன்னால் வந்து இந்த ஒரு ஈ-யையே ஊதினோம். நீண்ட கார்டுகளில் கீபோர்டு வலது கையை எடுத்துவிட வேண்டும் என்பது இப்போது எழுதப்பட்ட விதி.

ஒரு கார்டுக்கு இவ்வளவு பாடா என்று வீட்டில் கேட்கிறார்கள். எங்களில் பாதிப் பேரின் வாத்தியம் பரணிலிருந்து இறங்கியது. பள்ளி பேண்டிலோ என்சிசியிலோ சர்ச்சிலோ கற்றது, வேலை, கல்யாணம் என்று இருபது வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. இந்த ஊரில் பாட ஆசைப்படுகிறவர்களுக்கு மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-லிருந்து சேர்ந்திசை நடத்துகிறது. கர்நாடக சங்கீதத்துக்குத் தெருவுக்குத் தெரு சபா. சதிர்க் கச்சேரியில் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்) ஊதிய கிளாரினெட்டும் ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் வழியாக 2008-ல் சங்கீத கலாநிதி விருது வரை போயிற்று. ஆனால் நாற்பது வயதில் மூன்றாம் டிரம்பெட் வாசிக்க விரும்புகிறவன் எங்கே போவான்? தனியாக வீட்டில் மூன்றாம் டிரம்பெட் வாசிக்கவே முடியாது, அது மற்றவர்களோடு சேர்ந்தால்தான் சங்கீதம். எங்கள் முதல் டிரம்பெட் அண்ணன் முகூர்த்த நாளில் கல்யாண பேண்டில் ஊதுகிறவர். உதட்டுப் பயிற்சியில் எங்கள் எல்லாருக்கும் அவர்தான் வாத்தியார். ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற மாஸ்டரும் அவரிடம் கேட்டுத்தான் மார்ச்சின் வேகத்தை முடிவு செய்கிறார். இவர்கள் இரண்டு பேரும் ஒரே ஸ்டாண்டு முன்னால் நிற்கும் இடம் சென்னையில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இன்னும் முடியவில்லை. போன ஆகஸ்டில் ஒரு ஏசி அரங்கில் வாசித்தோம். வெளி வராந்தாவில் சுருதி சேர்த்துவிட்டு உள்ளே போனோம். நாற்பது பார் ரெஸ்ட் (ஊதாமல் காத்திருக்கும் தாள அளவு) எண்ணி முடிப்பதற்குள் கிளாரினெட்டுகள் சில்லிட்டு இறங்கிவிட்டன, கிளாக்கன்ஸ்பீல் தனியாக மேலே நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த கச்சேரிக்கு அரங்கை ஒரு மணி நேரம் முன்னாலேயே கேட்டிருக்கிறோம். சுருதிப் பெட்டி மேடையிலேயே இருக்கும், ரெஸ்டில் சத்தமில்லாமல் குழாய்க்குள் சூடான மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், 66 பாரலும் பையில் இருக்கும்.

அதற்குள் நான் அடுத்த வேலையில் இறங்கிவிட்டேன். முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் (அந்த மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த பாடல்கள்) செய்தார். பேண்டிலிருந்து போன அந்த மெட்டுகளில் இரண்டைத் திரும்பப் பேண்டுக்கே எழுதுகிறேன். பி ஃபிளாட் மேஜர், ஆறரைக் கட்டை. காந்தாரத்தில் நிற்கும் நீண்ட ஸ்வரங்களை எல்லாம் இரண்டாம் கிளாரினெட்டுக்கே கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தின் பிரதி எடுத்தாகிவிட்டது, டிராம்போன் பகுதி மட்டும் பாக்கி. புதன்கிழமைக்குள் முடித்து யூஃபோனியம் அக்காவிடம் காட்ட வேண்டும்.