பூண்டு, கொண்டைக்கடலை, பைத்தான்

2025 மார்ச் 3, திங்கள்

அப்பாவின் மளிகைக் கடைக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியில் பில் போடும் நிரல் எழுத ஆரம்பித்து இரண்டு வாரம். சரக்குப் பெயர்கள் ஒரு லிஸ்ட், விலைகள் இன்னொரு லிஸ்ட். இன்று பெயர்களுக்கு நடுவில் கடுகைச் செருகினேன், அதன் விலையைச் செருக மறந்துவிட்டேன். கீழே இருந்ததெல்லாம் ஒரு படி நகர்ந்து, மிளகு புளி விலைக்கு இறங்கிவிட்டது.

இரவு இரண்டையும் கலைத்து ஒரே டிக்சனரி ஆக்கினேன்; பெயரைச் சொன்னால் அதன் விலையைத் தரும். நெளி அடைப்புக்குறிக்குள் 'புளி': 180 என்று ஜோடி ஜோடியாக. இடப்பக்கம் கீ, வலப்பக்கம் வேல்யூ. அதைத் தாங்கும் மாறிக்கு 'விலை' என்று தமிழிலேயே பெயர் வைத்தேன், பைத்தான் 3 ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 4

விலை['பூண்டு'] என்று கேட்டால் கீஎரர், அதாவது அந்தக் கீயே இல்லை என்ற பிழை. பூண்டைச் சேர்க்கவே இல்லை. கடை நேரத்தில் நிரல் நின்றால் வம்பு என்று 'கெட்'டுக்கு மாறினேன்: கீ இல்லாவிட்டால் 0 கொடு. சமர்த்தாக ஓடியது. சாயங்காலம் அப்பா பில்லைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பூண்டை சும்மா குடுக்கறோமா?" என்றார். அரைக் கிலோ போயிருந்தது.

விலைக்கு மறுபடியும் சதுர அடைப்புக்குறிதான். நின்றால் நிற்கட்டும். எந்தச் சரக்கு எத்தனை முறை போனது என்று எண்ணுவதற்கு மட்டும் 'கெட்'டை வைத்துக்கொண்டேன். அங்கே முதல் தடவைக்கு 0 சரி.

மார்ச் 6

அண்ணன் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றித் தந்த பட்டியலை ஏற்றினேன். கொண்டைக்கடலை கேட்டால் கீஎரர். டிக்சனரியை அச்சிட்டுப் பார்த்தால் கண்ணெதிரே இருக்கிறது. கோபத்தில் நானே இன்னொரு முறை சேர்த்தேன். இப்போது இரண்டு கொண்டைக்கடலை, எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல.

சரி, நீளத்தை எண்ணச் சொல்வோம் என்று 'லென்' போட்டேன். என்னுடையது 12, அண்ணனுடையது 13. 'கொ'வில்தான் விஷயம். என் விசைப்பலகை ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுகிறது. அண்ணனின் கோப்பில் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுதான். டிக்சனரி திரையையா பார்க்கிறது? கீயை ஹாஷ் என்ற எண்ணாக்கி, அந்த எண் காட்டும் இடத்தில் தேடுகிறது. ஒரு குறியீடு வேறானாலும் அதற்கு அது வேறு சரக்கு.

வேடிக்கை என்னவென்றால், மாறிகளின் பெயரில் இப்படி வந்தால் பைத்தானே ஒன்றாக்கிக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லைத் தொடாது.

மார்ச் 7

பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் 'நார்மலைஸ்' என்று ஒன்று இருக்கிறது. என்எஃப்சி வடிவம் கேட்டால் கொம்பையும் காலையும் ஒட்டித் தருகிறது. எல்லாக் கீயையும் அதில் ஒரு முறை அலசி எடுத்தேன். இனி உள்ளே வரும் எந்தப் பெயரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இரண்டு கொண்டைக்கடலையும் ஒன்றாயின. ஆனால் ஒரு கீக்கு ஒரு வேல்யூதான், கடைசியாக வந்தது நிற்கும். அண்ணன் போட்ட விலை சத்தமில்லாமல் போய் என்னுடையது நின்றது. எது சரி என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ரெண்டுமே போன மாச விலைம்மா" என்றார்.