கருப்பனின் உண்ணிக் காய்ச்சலும் 28 நாள் மாத்திரையும்

பினாங்கு ஆயிர் ஈத்தாமில் எங்களுடையது பழைய தரை வீடு. நாய் கருப்பன், பூனை அம்மு, அம்மா, நான். தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடி வரும் கருப்பன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலையைக்கூடத் தூக்கவில்லை. வெயில் அதிகம், அதனால்தான் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் வைத்த கோழிச்சோறு அப்படியே கிடந்தது, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அங்கிள் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "காய்ச்சல்தாம்மா, பெனடோல் கால் மாத்திரை கொடு, சரியாயிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் அந்தப் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கையில் வைத்துவிட்டேன். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை, கிளினிக்குக்கு போன் செய்தேன். "எதையும் கொடுக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்கள். பெனடோல் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், பூனைக்கு ஒரே மாத்திரை உயிரையே எடுத்துவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் முதலில் அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. அப்புறம் மெதுவாகப் புரட்டி வயிற்றைக் காட்டினார். ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று நான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவை அவை. விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கி வந்தால் நமக்கு எண்ணுவார்களே, ரத்தம் உறைய உதவும் அதே பிளேட்லெட்தான் இங்கேயும். 2 லட்சத்துக்குக் குறையக் கூடாதது 38 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. எர்லிக்கியா என்ற கிருமி. உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் இறங்குவது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. 2015இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியதைப் பார்த்தவள் நான். கருப்பன் குட்டியாக வந்த நாளிலிருந்து ஓர் ஊசியும் தவறியதில்லை. ஆனால் இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசியே கிடையாது. உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை, தினம் இரண்டு வேளை, 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான், மாத்திரை தொண்டையில் தங்கினால் புண்ணாகும், அதனால் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டுத் தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும். தயிர்ச்சோற்றில் மறைத்துக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். பாலும் தயிரும் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், வேண்டாம் என்றார் டாக்டர். அவித்த கோழி ஈரலில் வைத்ததும் விழுங்கிவிட்டான்.

மாத்திரையைவிட வீடுதான் பெரும்பாடு. நாயின் மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சுவரில் இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. அன்று இரவு அம்மா டார்ச் பிடிக்க, கருப்பன் படுக்கும் மூலையிலிருந்து சுவரோரமாகவே தேடினோம். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரிசல். உள்ளே சாம்பல் நிறத்தில் உப்பிய உண்ணி ஒன்று, அதன் அடியில் கசகசா போல, பழுப்பு நிறத்தில் குவியலாக முட்டை. ஓர் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். குஞ்சு ரத்தம் குடித்ததும் நாயைவிட்டு இறங்கி, சுவரில் தோலுரித்து வளர்ந்து, மறுபடி ஏறும். பட்டினியாகவே பல மாதம் கிடக்கும். கையால் நசுக்காமல் இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட்டில் போட்டோம். அவன் படுக்கும் துணிகளைத் தூக்கி எறிந்தோம். பூச்சி மருந்து அடிப்பவரை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை வரவழைத்தோம், இரண்டு முறையும் கருப்பனும் அம்முவும் சித்தி வீட்டில் இருந்தார்கள். விரிசல்களைச் சிமெண்டு வைத்து அடைத்தது அண்ணன்.

இதற்கு நடுவில் அம்முவை இழந்திருப்பேன். ஒரு கடையில் நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்து வாங்கினேன். "பூனைக்கும் போடலாம், கொஞ்சமா விடுங்க" என்றார் கடைக்காரர். பெட்டியைத் திருப்பினால் பொடி எழுத்தில் பெர்மெத்ரின். போன் செய்து கேட்டபோது டாக்டர் குரலே மாறிவிட்டது. அந்த மருந்து பட்டால் பூனைக்கு வலிப்பு வரும், சாகும். நாய்க்கு மட்டும் போட்டாலும், ஈரம் காயும் முன் பூனை அதனோடு உரசிப் படுத்தால் ஆபத்து. அம்மு தூங்குவதே கருப்பன் வயிற்றில் சாய்ந்துதான். பூனை இருக்கும் வீட்டில் இதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே கிளினிக்கில் கொடுத்துவிட்டு, கருப்பனுக்கு மாதம் ஒன்று தின்னக் கொடுக்கும் உண்ணி மாத்திரை வாங்கி வந்தேன். அம்முவுக்குப் பூனைக்கென்றே உள்ளது தனி.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் கருப்பன் கொஞ்சம் சாப்பிட்டான். பத்தாம் நாள் வேலிக்கும் வாசலுக்கும் ஓடினான். மாத்திரை போதும் என்று அம்மாவுக்குத் தோன்றியது, எனக்கும்தான். பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளேயே பதுங்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விடாமல் கொடுத்தோம். 28ஆம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் 2 லட்சத்து 60 ஆயிரம்.

இப்போது தினமும் வாசல் விளக்கடியில் அவனை உட்கார வைத்து, காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு என்று தடவிப் பார்க்கிறேன். காதைத் தொட்டதும் தலையை என் மடியில் சாய்த்துவிடுகிறான். அம்மா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.