அட்லாண்டிக்கில் ஆளுக்கு மூன்று மணி நேரம்

அட்லாண்டிக்கைப் பாய்மரப் படகில் கடந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அத்தனை நாள் பொழுது எப்படிப் போயிற்று?" பொழுது போதவில்லை என்பதே உண்மை. 12 மீட்டர் நீளப் படகில் நான்கு பேர். சுற்றிலும் தண்ணீர். படகுக்குள்ளோ ஓயாத வீட்டு வேலை.

கனாரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து கரீபியனின் செயிண்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல். எங்கள் படகின் வேகத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். படகு ஒரு பிரெஞ்சுத் தம்பதியுடையது. இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். உதவிக்கு என்னையும் இன்னோர் இளைஞரையும் சேர்த்துக்கொண்டார்கள். நவம்பர் முடிவில் அங்கே புயல் பருவம் ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று நிலைப்படத் தொடங்கும். 1492 செப்டம்பரில் கொலம்பஸ் இதே தீவுக் கூட்டத்தின் லா கோமெராவிலிருந்து மேற்கே கிளம்பியதும் இந்தக் காற்றோடுதான். வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திருப்பு என்பது பழைய மாலுமிகளின் சொல். நாங்களும் அப்படியே கேப் வெர்டே தீவுகள் பக்கமாக இறங்கிப் பிறகு திரும்பினோம்.

நாளை நடத்துவது கடிகாரம்தான். இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு, பன்னிரண்டு முதல் மூன்று, மூன்று முதல் ஆறு என மூன்று காவல்கள். நான்காவது ஆளுக்கு அன்று முழு இரவும் தூக்கம். மறுநாள் சமையல் அவருடையது. சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். காவலில் இருப்பவர் காற்றையும் பாயையும் தொடுவானத்தையும் பார்க்க வேண்டும். வேகமாக வரும் சரக்குக் கப்பல் ஒன்று தொடுவானத்தில் தலைகாட்டி நம்மை நெருங்கக் கால் மணி நேரமே போதும்; அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று சுற்றிலும் பார்ப்பது எங்கள் விதி. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, தாரிணி படகில் உலகைச் சுற்றிவந்த இந்தியக் கடற்படையின் ரூபாவும் தில்னாவும் மாதக்கணக்கில் இருவராகவே இதைச் செய்தார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். ஆளுக்கு மூன்று மணி நேரக் காவலே எவ்வளவு கனமானது என்று தெரிந்த பிறகு, அவர்கள்மீது எனக்கிருந்த மதிப்பு பல மடங்காகிவிட்டது.

இரவில் இடுப்புவாரைப் படகோடு கொக்கியிட்டு மாட்டாமல் யாரும் மேல்தளத்துக்கு வரக்கூடாது. இதில் சலுகையே கிடையாது. ஆறு நாட், அதாவது மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் நகர்கிறது. விழுந்தவரின் குரல் கேட்டு அடுத்தவர் எழுந்து வருவதற்குள் இருநூறு மீட்டர் தாண்டிவிடும். இருட்டில், இரண்டு மூன்று மீட்டர் உயர அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தேடுவது எளிதல்ல.

காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் படகு இடமும் வலமுமாக ஓயாமல் உருளும். அதுவும் இரவு பகலாக. படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினோம். அடுப்பு, படகு சாயும்போது தான் மட்டும் நேராக நிற்கும்படி இரு பக்கமும் ஊசலாடும். அதன்மேல் எனக்கு மிக நெருக்கமான ஒரு பொருள் இருந்தது: பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் கொதிப்பது சிந்தாது, எரிவாயுவும் மிச்சமாகும். நெடுந்தூரப் படகுக்காரர்கள் பலர் அதை விரும்பி வைத்திருக்கிறார்கள். என் முறை வந்த நாட்களில் சோறும் பருப்பும் வைத்தேன். முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம் மூன்றும் கடைசிவரை தாங்கின. வாழைத்தார் மட்டும் மொத்தமாக ஒரே நாளில் பழுத்தது. குளியல் வாளியில் மொண்ட கடல்நீரில். கடைசியாக உப்புப் போக ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.

காலையில் மேல்தளத்தில் கோலா மீன்கள் கிடக்கும். நாகப்பட்டினம் கரையில் வலையில் வருமே, அந்தப் பறக்கும் மீன் இனம்தான். சில நாட்கள் பழுப்பு நிற சர்காசம் பாசி நீளநீளமாகத் தென்பட்டுத் தூண்டில் கயிற்றில் சிக்கிக்கொண்டே இருந்தது. 2011 முதல் வெப்பமண்டல அட்லாண்டிக்கில் அது பெருகிவருகிறது.

துருவ நட்சத்திரம் இரவுக்கு இரவு தாழ்ந்தது. எந்த அட்சரேகையில் இருக்கிறோமோ ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் அது தெரியும். லாஸ் பால்மாஸில் 28. செயிண்ட் லூசியாவில் 14. சென்னையில் பார்க்கும் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று மேற்குக் கோடியில் கணக்கிட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கடலில் நான் மிகவும் மதித்த வேலை ஒன்று உண்டு. விடிந்ததும் படகுக்காரத் தம்பதியில் அம்மையார், அணியம் எனும் படகின் முன்முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவிக்கொண்டே வருவார். நடுக்கடலில் கயிற்றை அறுப்பது பெரும்பாலும் உராய்வுதான். முன்பாயை ஒரு கம்பத்தால் வெளியே விரித்துப் பிடித்திருந்தோம். கம்பத்தின் முனையில் கயிறு தேயும் இடம் ஒரே இடமாக இருக்கக்கூடாது என்று தினமும் அதை ஒரு சாண் நகர்த்திவைப்பார். ஒரு காலையில் கயிற்றின் நீல மேலுறை பஞ்சாகப் பிரிந்து, உள்ளேயிருந்த வெள்ளைச் சரடு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. "இன்று பார்த்தாயிற்று, நல்லது" என்றார். பாயைச் சுருட்டி, தேய்ந்த பகுதியை வெட்டியெறிந்து, புது முடிச்சிட்டு மறுபடி விரிக்கக் கால் மணி நேரம். அன்றிரவே கருமேகம் ஒன்று மழையோடு காற்றை இரட்டிப்பாக்கிக்கொண்டு எங்களைக் கடந்தது. முடிச்சு அசையவில்லை. கடல் பயணத்தில் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தினமும் தவறாமல் அந்தக் கயிறுகளைத் தொட்டுப் பார்த்த கையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

செயிண்ட் லூசியாவின் விளக்குகள் நள்ளிரவுக்கு முன்பே தெரிந்துவிட்டன. அறிமுகமில்லாத துறைக்குள் இருட்டில் நுழைவதில்லை என்று பாயைக் குறைத்து விடியும்வரை வெளியே காத்திருந்தோம். பிறகு பிஜன் தீவைச் சுற்றி ரோட்னி விரிகுடாவுக்குள் வந்து, நுழைவு அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை ஏற்றினோம். படகின் தலைவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு சுங்கத்துக்கும் குடியேற்றத்துக்கும் போனார். முத்திரை விழும்வரை மற்றவர்கள் படகைவிட்டு இறங்கக்கூடாது. அன்று மாலையே அம்மையார் கயிற்று இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, நானும் அந்த இளைஞரும் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுழற்றி அவரைப் பாய்மர உச்சிக்கு ஏற்றினோம். பாயைத் தூக்கிப் பிடித்திருந்த கயிறு, கப்பியைத் தொடும் இடத்தில் தட்டையாக நசுங்கியிருக்கிறதென்று மேலிருந்து சொன்னார். இறங்கியதும் கத்தியைக் கேட்டார்.