புது சப்வூஃபரை டிக்கியில் ஏற்றுவதற்கு முன் மேசையில் வைத்து ஓம்ஸ் பாருங்கள்

கேரளத்துப் புனலூரில் வாங்கிய 12 இஞ்ச் சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான பெரிய ஸ்பீக்கர்) இப்போது என் ஸ்விஃப்ட் டிக்கியில் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது மாற்றி வாங்கிய பீஸ். முதலில் கொடுத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. செங்கோட்டை, தென்காசிப் பக்கமிருந்து மலை இறங்கிப் போய் வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

அந்த முதல் பீஸ் 4+4 ஓம்ஸ் டபுள் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு, ஒவ்வொன்றின் மின்தடையும் 4 ஓம்ஸ். தொடர்ந்து தாங்கும் பவர், அதாவது ஆர்எம்எஸ், 300 வாட்ஸ். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்த 1200 வாட்ஸ் மேக்ஸ் என்பதை வைத்து ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எடுக்காதீர்கள், ஆர்எம்எஸ் மட்டும்தான் கணக்கு. மேக்னட்டின் மேல் மாட்டியிருக்கும் ரப்பர் உறையையும் கழற்றிப் பார்க்க வேண்டும், சில பீஸில் உறை பெரிதாகவும் உள்ளே மேக்னட் சின்னதாகவும் இருக்கும். இதில் அப்படி இல்லை. விரல்களைப் பரப்பி வைத்துக் கோனை நேராக அமுக்கினேன், உரசல் இல்லை. கடையின் டெமோ போர்டில் செண்டைமேளம் போட்டுக் காட்டினார்கள், ஷோகேஸ் கண்ணாடியே அதிர்ந்தது. சரி என்று பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மேசையில் வைத்து மல்டிமீட்டரைப் பிடித்தேன். இரண்டு காயிலும் 3.6 ஓம்ஸ். 4 ஓம்ஸ் என்று போட்ட காயில் மீட்டரில் நாலுக்குக் கொஞ்சம் கீழேதான் காட்டும், அது குறையில்லை. அப்புறம் கோனை உள்ளே அமுக்கி அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முதல் காயில் 3.6-லேயே நின்றது. இரண்டாவது, சுத்தமாக ஓப்பன், இணைப்பே இல்லை. கையை எடுத்தால் மறுபடியும் 3.6. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கோனிலிருந்து டெர்மினலுக்கு வரும் பின்னல் ஒயரில் ஒன்றுக்குச் சால்டர் பிடிக்கவே இல்லை. ஈயம் டெர்மினல் மேல் உருண்டையாகத் தனியே உட்கார்ந்திருக்கிறது, ஒயரின் செம்பு இழைகள் பக்கத்தில் சாய்ந்து தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கோன் உள்ளே போனால் விலகுகின்றன.

டெமோவில் இது ஏன் தெரியவில்லை என்றால், அங்கே இரண்டு காயிலையும் பேரலலாக இணைத்திருந்தார்கள். ஒன்று விட்டுப்போனாலும் மற்றது பாடிக்கொண்டிருக்கும். 2 ஓம்ஸ் லோடு 4 ஓம்ஸ் ஆகிவிடும், ஆம்ப்பிலிருந்து வரும் பவர் பாதியாகும், அவ்வளவுதான். காரில் பேஸ் குறைகிறதே என்று நாம் ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகைக் கூட்டுவோம், இருக்கிற ஒற்றைக் காயிலும் சூட்டில் கருகும், அதன் பிறகு கொண்டுபோனால் நீங்கள் கருக்கிவிட்டீர்கள் என்பார்கள். அதனால் சப்பை ஸ்பீக்கர் பெட்டியில் முடுக்கவே இல்லை, ஃபிரேமில் ஒரு திருகுத் தடம் விழுந்தாலும் அதைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எடுத்துக்கொண்டு போனேன். ஆரியங்காவு வளைவுகளில் மர லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், கவுண்ட்டரில் இருந்த பையன் பீஸைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா, பில்லில் சீரியல் நம்பர் இல்லையே, இது இங்கே வாங்கியதுதான் என்று எப்படித் தெரியும்?" பில் எழுதியதே அவன்தான். 'சப் 12' என்று மட்டும் எழுதியிருக்கிறான். நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தால்தான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு ஒரு நாள் கூலியும் பெட்ரோலும் போனதுதான் மிச்சம்.

அட்டைப்பெட்டியோடு மறுபடியும் போனால், இந்த முறை டெக்னீஷியன். "கோனை ஆட்டினால் ரீடிங் ஆடத்தான் செய்யும், எல்லா சப்பும் அப்படித்தான்." அவர் சொன்னதில் பாதி உண்மை. காயில் மேக்னட்டுக்குள் நகரும்போது கொஞ்சம் வோல்ட்டேஜ் உண்டாகும், மீட்டர் குழம்பும். ஆனால் கோன் அசையாமல் நிற்கும்போது ரீடிங்கும் நிற்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. கடைசியில் முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "சேட்டா, நீங்களே அமுக்கிப் பிடிங்க, மீட்டரை நான் வைக்கிறேன்" என்றேன். அமுக்கினார், ஓப்பன். முகர்ந்தும் பார்க்கச் சொன்னேன், கருகிய காயிலில் வார்னிஷ் தீய்ந்த வாடை வரும், இதில் புது ரப்பர் வாடை மட்டும்தான். மேலே ஒன்றும் பேசாமல் வேறு பீஸ் எடுக்கச் சொன்னார். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அங்கிருந்தே போட்டிருப்பேன், நீங்களும் அந்த நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பீஸைக் கவுண்ட்டரிலேயே அமுக்கிப் பார்த்து, சீரியல் நம்பரைப் பில்லில் எழுத வைத்து, சீலும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

ஸ்பீக்கர் பெட்டி தென்காசியில் 18 எம்எம் எம்டிஎஃப் பலகையில் சீல்டாக, காற்றுத் துளை இல்லாமல் செய்தது, ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் சொச்சம். ரெடிமேட் பார்ட்டிக்கிள் போர்டு பெட்டி வேண்டாம், நம் பக்கத்துச் சாரலுக்கு விளிம்பு ஊதிவிடும். கோனை மெல்ல அமுக்கி விட்டால் அது சோம்பலாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று திரும்பினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. எனக்கு டெர்மினல் கப் ஓரத்தில் ஒழுகியது, சிலிக்கான் வைத்ததும் சரியானது.

கெயினைக் காதால் வைக்காதீர்கள். சப் ஒயரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் அவுட்புட்டில் ஏசி வோல்ட்டேஜ் பாருங்கள். ஆர்எம்எஸ் 300-ஐப் பேரலல் லோடான 2 ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 24.5 வோல்ட், அதற்கு மேல் போகக் கூடாது. போனில் இருக்கும் டெசிபல் ஆப்பில் ஏ வெயிட்டிங் போட்டிருந்தால் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் குறைத்துத்தான் காட்டும், அதைப் பார்த்து சப் வீக் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், சி-க்கு மாற்றிப் பாருங்கள். செண்டையை வைத்தும் சப்பை எடை போடாதீர்கள், அந்த அடியின் கூர்மை முன் ஸ்பீக்கர்களின் வேலை. உருமியின் இழுவையைப் போட்டுப் பாருங்கள், நல்ல சப்பில் அந்த முனகல் ஒரே சீராக இறங்கி ஏறும். என்னுடையதில் அது அவ்வளவு சுத்தமாக வந்தது, ஆனால் 40 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் மட்டும் ஒரு கரகரப்பு. மறுபடியும் காயிலோ என்று நெஞ்சு படபடத்துப் போய் மீட்டரை எடுத்துவிட்டேன். பார்த்தால் பின்பக்க நம்பர் பிளேட். பின்னால் ஃபோம் டேப் ஒட்டியதும் நின்றுவிட்டது.