ரத்தம் வராத ஈறு

தர்மபுரியில் என் பல் க்ளினிக்குக்குப் பழுப்புப் பல்லோடு வருகிற முக்கால்வாசிப் பேர், வாயைத் திறக்கும் முன்பே "எங்க ஊரு தண்ணி அப்படிங்க மேடம்" என்பார்கள். பொய்யில்லை. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறை எனாமலுக்குள்ளேயே ஊறியிருக்கும், சுரண்டினால் போகாது. பீடிக் கறை அப்படியல்ல, மேலே படிந்தது. சுரண்டினால் வந்துவிடும்.

பென்னாகரம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவருக்கு இரண்டு கறையும் இருந்தன. கீழ் முன்பற்கள் ஆடின. "ரத்தம் கித்தம் எதுவும் வராதுங்க, ஈறு கல்லு மாதிரி இருக்கு" என்றார். வெளிறி, தடித்து, இறுக்கமாகத்தான் இருந்தது. அளவுக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டேன். 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது 7 வரை இறங்கியது. ஒரு துளி ரத்தம் இல்லை. எக்ஸ்-ரேயில் அந்தப் பற்களைப் பிடித்திருக்கும் எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

கிருமி சேர்ந்தால் ஈறு சிவந்து வீங்கி, ரத்தம் கசிந்து நம்மை எச்சரிக்கும். நிகோடின் அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடுகிறது. எலும்பைக் கட்டும் செல்களையும் சோர்வடைய வைக்கிறது. வெளியே அமைதி, உள்ளே அரிப்பு. கரைந்த தாடை எலும்பு தானாகத் திரும்ப வளராது.

மாங்கூழ் லோடு இறக்கிவிட்டு வந்து க்ளீனிங் செய்துகொள்கிறேன் என்றார். சரி, அதுவரை பீடியையாவது விடுங்கள் என்றேன். நிஜமாகவே விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து வந்தவர் முகம் வாடியிருந்தது. "விட்டதுக்கப்புறம்தான் மேடம் துப்புனா ரத்தமா வருது. பீடி குடிக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு? அதான் மறுபடி ஆரம்பிச்சிட்டேன்."

தவறு என்னுடையது. விட்ட சில வாரங்களில் ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்பும், மறைந்திருந்த வீக்கம் அப்போதுதான் வெளியே தெரியும். படித்ததுதான், அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அத்தனை பாடுபட்டு விட்ட மனிதரை, ஒரு வாக்கியம் சொல்லாததால் பீடிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு க்ளீனிங் செய்தும் இரண்டு பற்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் விடச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்: "அண்ணா, விட்டா கொஞ்ச நாள்ல ரத்தம் வரலாம். பயந்து பீடியைத் தொட்டுடாதீங்க, நேரா இங்க வாங்க."