தொட்டிக்கு மாற்றியதும் வாடிய நாற்றுகள்: ஆறு போயின, ஆறு பிழைத்தன

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் கீழேதான் என் முதல் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியை, அதாவது மண்ணில்லாமல் உரம் கலந்த நீரில் செடி வளர்க்கும் தொட்டியை, வைத்தேன். 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் 12 ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வலைக்கிண்ணம். எட்டு லெட்யூஸ், நான்கு கைலான் (சீனக் கீரை வகை). ஸ்பாஞ்சில் முளைக்கவைத்து, ஹாலில் எல்இடி விளக்குக்கு அடியில் இரண்டு வாரம் வளர்த்தேன். மூன்றாவது இலை விட்டதும் ஒரு சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் தொட்டிக்கு மாற்றினேன். ஞாயிறு மதியம் பார்த்தால் பாதிக்கு மேல் தலை தொங்கிக் கிடந்தன.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம் உரத்தைக் கூட்டியது. சத்து போதவில்லை என்று நினைத்து ஏ, பி என்ற இரண்டு உரக் கரைசலையும் இன்னும் கொஞ்சம் ஊற்ற, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இசி மீட்டர் 1.8 காட்டியது. வளர்ந்த லெட்யூஸ்தான் அதைத் தாங்கும். பிஞ்சு நாற்றுக்கு 0.6, மிஞ்சினால் 0.8 போதும். நீரில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, ஆகவே தண்ணீரிலேயே நின்றுகொண்டு செடி தாகத்தில் வாடும். செவ்வாய்க்கிழமைக்குள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, தொட்டால் காகிதம் மாதிரி நொறுங்கியது.

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஓர் அண்ணன் பல வருடமாகக் கீரை போடுகிறார். அவரிடம் கைப்பேசியில் இலைப் படங்களைக் காட்டினேன். அவர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. “இலைய விடும்மா, வேரு எப்படி இருக்கு, அதச் சொல்லு” என்றார். நான் வேரைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணத்தைத் தூக்கினேன். சாக்கடை வாடை. வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பாகி, விரலில் வழுவழுவென்று ஒட்டியது; மெதுவாக இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வர, உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சியது. வேரழுகல். பித்தியம் என்ற கிருமி பிடித்தால் வேர் இப்படித்தான் ஆகும். மாலை மூன்றரை மணிக்குத் தொட்டி நீரில் வெப்பமானியை விட்டேன். 33 டிகிரி.

அதைப் பார்த்த பிறகுதான் எல்லாம் கோர்வையாகப் புரிந்தது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூட்டில் வேருக்கு மூச்சு இன்னும் அதிகமாக வேண்டும். நானோ கிண்ணத்தின் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, வேருக்குக் கொஞ்சம்கூடக் காற்றில்லாமல் செய்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பிள்ளைகளை ஒரே நாளில் மேற்கு வெயிலில் கொண்டுபோய் வைத்தது வேறு. குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் முறையை நம் ஊர்ச் சூட்டில் அப்படியே செய்தால் இதுதான் நடக்கும்.

அன்றிரவே தண்டின் அடி கறுத்திருந்த ஐந்தை எடுத்துப் போட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் அவற்றை விட்டுவைத்தால் மற்றவையும் போயிருக்கும். மீதி ஏழின் வேரைக் குழாய் நீரில் அலசி, அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டினேன். தொட்டியை பிளீச் கலந்த நீரில் தேய்த்துப் பலமுறை அலசினேன். புதுத் தண்ணீரில் முதலில் ஏ, நன்றாகக் கலக்கிய பிறகு பி (இரண்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும்), இசி 0.7. நீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7.6 காட்டியது, சொட்டுச் சொட்டாகக் குறைத்து 6-க்குக் கொண்டுவந்தேன். நீர்மட்டம் ஸ்பாஞ்சின் அடியைத் தொட்டால் போதும் என்று நிறுத்தினேன். மீன் கடையில் வாங்கிய சின்ன ஏர் பம்பு, தொட்டியைச் சுற்றி அலுமினியத் தாள், ஜன்னலுக்கு நிழல் வலை, மதியம் ஒரு மணிக்கு உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று உள்ளே. வெப்பம் 28, 29-இல் நின்றது.

ஒன்றை மட்டும் மறந்திருந்தேன். செடி எடுத்த ஐந்து ஓட்டைகளும் திறந்தே கிடந்தன. ஒரு வாரம் கழித்து மூடியைத் தூக்கினால் ஓரத்தில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன. டெங்கி ஊரில் இது விளையாட்டில்லை. மொத்த நீரையும் உடனே கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஓட்டைகளை டேப் போட்டு அடைத்துவிட்டுத்தான் மறுபடி நிரப்பினேன்.

ஆனால் அதே நாள்தான் கிண்ணத்தின் வலைக்கண் வழியாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அரை விரற்கடை நீளம், தும்பைப்பூ வெள்ளை. பழைய இலைகள் கடைசிவரை தேறவில்லை, நடுக்குருத்திலிருந்து வந்த புது இலைதான் நிமிர்ந்து நின்றது. ஏழில் ஒன்று பிறகும் போய்விட்டது, ஆறு வளர்ந்தன.

இப்போது ஸ்பாஞ்சில் அடுத்த பன்னிரண்டு நிற்கின்றன. தினமும் காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று ஜன்னலோரம் வைத்துப் பழக்குகிறேன். இந்த முறை தொட்டிக்கு மாற்றப்போவது வெயில் இறங்கிய பிறகு, மாலை ஏழு மணிக்கு.