நாத்தனாரும் நானும் சினானும்

இஸ்தான்புல்லில் எங்களுக்குக் கிடைத்த கடைசி நாளை எப்படிச் செலவிடுவது என்பதில் எனக்கும் என் நாத்தனாருக்கும் முந்தைய இரவே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. விமானம் நள்ளிரவுக்குப் பிறகுதான் என்பதால் பகல் முழுவதும் எங்கள் கையில் இருந்தது. பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற அவர், ஒட்டோமான் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான சினான் தம் முதுமையில் கட்டிய செலிமியே பள்ளிவாசலைப் பார்க்க எதிர்னே நகருக்குப் பேருந்தில் போய்வந்துவிடலாம் என்றார். பல்கேரிய எல்லைக்கு அருகே, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊருக்கு விமானம் ஏறும் நாளில் போவதை நான் ஒப்பவில்லை. "அப்படியானால் இந்த ஊரில் இருக்கும் சினானையாவது ஒழுங்காகப் பார்ப்போம், வா" என்றார் அவர். விட்டுப்போன இடங்களையெல்லாம் ஒரே பகலில் ஓடி ஓடிப் பார்த்துக் களைப்பதைவிட ஒரே மனிதரின் வேலையைப் பின்தொடர்வது மேல் என்று தோன்றியதால், பெட்டிகளை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம்.

முதலில் போனது, சுல்தான் சுலைமானுக்காகச் சினான் கட்டிய சுலைமானியே பள்ளிவாசலுக்கு. அது 1550 முதல் 1557 வரை கட்டப்பட்டது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் போல நான் 53 மீட்டர் உயரத்தில் நிற்கும் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தேன். அவரோ சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே ஊரில் பைசாந்தியர்கள் தேவாலயமாகக் கட்டிய ஹாகியா சோஃபியாவின் முதல் குவிமாடம் 558இல் இடிந்து விழுந்ததையும், பின்வந்த நூற்றாண்டுகளில் அதன் வெளிச்சுவர்களுக்குப் பெரும் பெரும் முட்டுச்சுவர்களைக் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்ததையும் சில நாட்களுக்கு முன்புதான் அங்கே நின்று பேசியிருந்தோம். சினானுக்கும் அதே சிக்கல்தான்: குவிமாடம் தன் எடையால் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும், அதைத் தாங்க முட்டுச்சுவர்கள் வேண்டும். அவர் அவற்றைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பிரித்து, இடையில் தூண்கள் கொண்ட மாடங்களை அமைத்துக் கண்ணுக்குத் தெரியாதபடி கரைத்துவிட்டார். இதை நாத்தனார் விரலால் சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எண்ணெய் விளக்குகளின் கரிப்புகை காற்றோட்டத்தில் இழுக்கப்பட்டு வாசலுக்கு மேலுள்ள சிற்றறையில் படிந்ததாகவும், அந்தக் கரியிலிருந்து எழுதுமை செய்ததாகவும் சொல்கிறார்கள். சுல்தான் சுலைமானின் கல்லறை பள்ளிவாசலின் பின்புறத் தோட்டத்தில் பெரிய மண்டபமாக இருக்கிறது. சினானின் கல்லறையோ வளாகத்துக்கு வெளியே, தெருமுனையில், தேடினால் மட்டுமே அகப்படும் அளவுக்குச் சிறியது. அங்கே நாத்தனார் நின்ற நேரம், சுல்தானுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

எதிரேயுள்ள கடைவரிசையில் வெள்ளை மொச்சைபோன்ற பயற்றைத் தக்காளிச் சாற்றில் வேகவைத்துச் சோற்றோடு தருகிறார்கள். இறைச்சி சேர்த்தார்களா என்று கேட்டுத் தெளிந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டோம்.

அங்கிருந்து சந்தைத் தெருக்கள் வழியே இறங்கினால் ருஸ்தம் பாஷா பள்ளிவாசல். சுலைமானின் மருமகனும் தலைமை அமைச்சருமான ருஸ்தமுக்காக 1560களின் தொடக்கத்தில் சினான் கட்டிய இது, தரையில் இல்லை. கீழே கடைகள், மேலே பள்ளிவாசல். அந்தக் கடைகளின் வாடகை பள்ளிவாசலின் பராமரிப்புக்கு உதவும்படியான ஏற்பாடு அது. குறுகலான படிக்கட்டில் ஏறியதும் சந்தையின் இரைச்சல் குறைந்து, சுவர் முழுக்க இஸ்னிக் நகரின் வண்ண ஓடுகள் தெரிகின்றன. நீலத்தின் நடுவே வரும் அந்தத் தடித்த சிவப்பு, தடவினால் விரலுக்குத் தட்டுப்படும்போல மேடாக இருக்கிறது. அழகில் எனக்கு இதுவே முதலிடம். நாத்தனாருக்கு ஓடுகளில் ஆர்வமில்லை. கடை வாடகை யோசனையைத்தான் வியந்துகொண்டிருந்தார்.

எமினோனுவிலிருந்து உஸ்குதாருக்குப் படகில் போனோம். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு இருபது நிமிடம்கூட ஆகாத பயணம் அது; அலுவலகம் செல்வோரும் பள்ளிப் பிள்ளைகளும் எள் தூவிய வளைய ரொட்டியைக் கடித்தபடி சாதாரணமாகக் கடக்கிறார்கள். இறங்குதுறைக்கு எதிரிலேயே, ருஸ்தமின் மனைவியும் சுலைமானின் மகளுமான மிஹ்ரிமாவுக்காகச் சினான் 1548இல் முடித்த பள்ளிவாசல் நிற்கிறது. அதைச் சீக்கிரம் பார்த்துவிட்டுக் கரையோரமாக நடந்து ஷெம்சி பாஷா பள்ளிவாசலுக்கு வந்தோம். சினான் ஏறக்குறைய தொண்ணூறு வயதில் கட்டியது. ஒரு சிறிய குவிமாடம், ஒரே ஒரு மினாரா, சுவரை ஒட்டியே கடல். காற்றின் வேகத்தால் இதன்மேல் பறவைகள் அமர்வதில்லை என்பது ஊர் நம்பிக்கை. நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கடற்காகம் ஒன்று குவிமாடத்தில் வந்து உட்கார்ந்தது. "பேரரசருக்குக் கட்டும்போது பணத்துக்குக் குறைவில்லை, இடமே இல்லாத இந்தக் கரையில் இவ்வளவு கச்சிதமாகக் கட்டியதுதான் பெரிய வேலை" என்றார் நாத்தனார். எனக்கு அதில் உடன்பாடில்லை, சுலைமானியேதான் என்றேன்.

திரும்பும்போது படகு வேண்டாம், கடலடிச் சுரங்கத்தில் ஓடும் மர்மராய் ரயிலில் போவோம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கடலடியில் பள்ளம் வெட்டி, கரையில் வார்த்த கான்கிரீட் குழாய்களை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மூழ்கடித்துப் பொருத்திய சுரங்கம் அது. மூழ்கிய பகுதி சுமார் 1.4 கிலோமீட்டர், மிக ஆழமான இடம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 60 மீட்டர் கீழே. ஐரோப்பியக் கரையிலுள்ள யெனிகாபியில் நிலையத்துக்காகத் தோண்டியபோது பைசாந்தியக் காலத் துறைமுகமும் 37 கப்பல்களின் சிதைவுகளும் வெளிப்பட்டதால் வேலை சில ஆண்டுகள் தள்ளிப்போய், 2013 அக்டோபரில்தான் ரயில் ஓடத் தொடங்கியது. உஸ்குதாரில் ஏறினால் அடுத்த நிலையமே ஐரோப்பியக் கரையின் சிர்கெஜி. சன்னலுக்கு வெளியே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. மாலை வெயிலில் கடலைப் பார்த்தபடி வந்திருக்கலாமே என்ற எரிச்சல் எனக்கு. நாத்தனாரோ, அன்று பார்த்தவற்றிலேயே இதுதான் அருமை என்று சொல்லி, பெட்டிகளை எடுக்க இன்னும் நேரமிருப்பதால் இன்னொரு முறை அக்கரைக்குப் போய்வரலாமா என்று கேட்டார். படகில் போய் ரயிலில் திரும்புவதானால் வருகிறேன் என்றேன்.